‘இஸ்’ யாருக்குச் சொந்தம்?

கேள்வி: பைத்தானில் ‘இஸ்’ போட்டு எண்களை ஒப்பிட்டேன். 256-க்குத் தலையாட்டுகிறது, 257-க்கு இல்லை என்கிறது. கணக்கே தெரியாதா இந்த மொழிக்கு?

பதில்: கணக்கெல்லாம் நன்றாகத் தெரியும், நீங்கள் கேட்டதுதான் வேறு கேள்வி. பைத்தானின் ‘இஸ்’ மதிப்பைப் பார்க்காது. இரண்டு பெயர்களும் நினைவகத்தில் ஒரே பொருளைச் சுட்டுகின்றனவா என்றே பார்க்கும். பைத்தானின் வழக்கமான வடிவமான சிபைத்தான், -5 முதல் 256 வரையுள்ள முழு எண்களை முன்பே உருவாக்கி வைத்து, கேட்கும்போதெல்லாம் அவற்றையே நீட்டும். 257-ஐ இரண்டு வரிகளில் தனித்தனியே தட்டினால் இரண்டு பொருள்கள் பிறக்கலாம். இரட்டைப் பிள்ளைகள் முகஜாடையில் ஒன்றாக இருக்கலாம். ரேஷன் கார்டில் பெயர் இரண்டுதானே! மதிப்புக்கு இரட்டைச் சமக்குறி போடுங்கள். ‘நன்’ (None) போன்ற ஒற்றைப் பொருளைச் சோதிக்க ‘இஸ்’ வையுங்கள். 2019-இல் வந்த 3.8 பதிப்பு முதல், நேரடி எண்ணோடு ‘இஸ்’ போட்டால் மொழியே எச்சரிக்கிறது.

சி ஷார்ப்பிலும் கோட்லினிலும் இதே ‘இஸ்’, பொருளின் வகையைச் சோதிக்கும். என் ஓட்டு அவற்றுக்குத்தான்: ‘இது சரமா?’ என்று கேட்பதுபோல இயல்பாக வாசிக்கலாம். இரண்டும் ஒரே பொருளா என்று பார்க்கக் கோட்லின் மூன்று சமக்குறி வைத்திருக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் பழகியவர்கள் மட்டும் உஷாராக இருக்கவேண்டும். அங்கே மூன்று சமக்குறி என்றால், வகையை மாற்றாமல் மதிப்பை ஒப்பிடுவது.