பிரஜாவுரிமைக் குழுவுக்கு ஒரு குசினிக்காரனின் கடிதம்

பெருமதிப்புக்குரிய எங்கள் ஊர்ச்சபைப் பிரஜாவுரிமைக் குழுத் தலைவர் அவர்களுக்கும், செயலாளர் அம்மாவுக்கும், எப்போது வந்தாலும் ஜன்னலோர மேசை கேட்கும் உறுப்பினர் ஐயாவுக்கும்,

நேர்முகத்துக்கு நன்கு ஆயத்தமாகி வரும்படி தாங்கள் அனுப்பிய கடிதம் கிடைத்தது. எதற்கு ஆயத்தமாவது என்பதை மட்டும் எழுத மறந்துவிட்டீர்கள். ஆகவே, சுவிஸ் பிரஜாவுரிமை கேட்டவர்களுக்கு இதுவரை என்னென்ன நடந்தது என்று பேப்பரில் வந்தவற்றைச் சேர்த்து, நானே ஒரு பாடத்திட்டம் போட்டுப் படித்து வருகிறேன். படிக்கப் படிக்கச் சந்தேகங்கள் கூடுகின்றன. நேரில் கேட்டால் அதையும் குறித்துவைப்பீர்கள் என்ற பயத்தில் எழுத்தில் கேட்கிறேன்.

முதலாவது பாடம் விலங்கியல். ஷ்வீட்ஸ் மாநிலத்தின் ஆர்த் என்ற ஊரில் ஏறத்தாழ 30 வருடமாக வாழ்ந்து தொழில் செய்த இத்தாலியர் ஒருவருக்குப் பிரஜாவுரிமை மறுக்கப்பட்டது. அங்குள்ள கோல்டாவ் விலங்குப் பூங்காவில் கரடியும் ஓநாயும் ஒரே அடைப்புக்குள் வாழ்கின்றன என்பது அவருக்குத் தெரியாமல் போனதும் ஒரு காரணம். கடைசியில் லொசானிலுள்ள சமஷ்டி நீதிமன்றம் தலையிட்டு, அவருக்குப் பிரஜாவுரிமை கொடுக்கச் சொன்னது. நீதிமன்றம் சொன்னால் சொல்லட்டும், நான் அதை நம்பிப் படிப்பை விடுவதாக இல்லை. நம்மூரில் விலங்குப் பூங்கா கிடையாது. ஆனாலும் பால்பண்ணைக்காரர் வீட்டில் ஒரு நாயும் மூன்று பூனைகளும் ஒரே தாழ்வாரத்தில் படுக்கின்றன என்பதைக் கண்டு குறித்து வைத்திருக்கிறேன். கரடியும் ஓநாயும் ஒத்து வாழ்வதற்கு எந்த அலுவலகத்தில் சான்றிதழ் எடுத்தன என்பதுதான் இன்னும் தெரியவில்லை. தெரிந்தால் நானும் அங்கேயே விண்ணப்பிப்பேன்.

இரண்டாவது பாடம் நடையுடை. பாசல் நாட்டுப்புற மாநிலத்தின் பூபன்டோர்ஃப் என்ற ஊரில் ஒரு கொசோவோக் குடும்பத்தின் மீது வந்த குற்றச்சாட்டு, அவர்கள் விளையாட்டுக் காற்சட்டையோடு ஊருக்குள் திரிகிறார்கள், எதிரே வருபவர்களுக்கு வணக்கம் சொல்வதில்லை என்பது. அதைப் படித்த அன்றே என் மகனின் நீலக் காற்சட்டையை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். குப்பை போடப் போகும்போதும் இஸ்திரி போட்ட உடுப்புத்தான். எதிரே யார் வந்தாலும் வணக்கம் சொல்கிறேன். பேருந்துத் தரிப்பிடத்து விளம்பரப் படத்துக்கும் ஒருநாள் சொல்லியிருக்கிறேன், அந்தளவுக்குப் பழகிவிட்டது.

மூன்றாவது பாடம் மணி. ஆர்காவ் மாநிலத்தில் கிப்ஃப் ஓபர்ஃபிரிக் என்ற ஊர். நெதர்லாந்தில் பிறந்து எட்டு வயதில் இங்கே வந்து, இந்த ஊர்ப் பேச்சே தன் பேச்சாக வளர்ந்த ஒரு பெண், மாட்டின் கழுத்தில் கனத்த மணி கட்டுவது மாட்டுக்கு வதை என்று பேசினார். அவர் பிரஜாவுரிமை கேட்டபோது ஊர்க்கூட்டம் இரண்டு தரம் அவரைத் தோற்கடித்தது. 2017இல்தான் மாநிலம் பார்த்துக் கொடுத்தது. அவருக்குச் சட்டமும் தெரிந்திருந்தது, பாஷையும் தெரிந்திருந்தது. தெரியாமல் போனது, எதைப் பற்றி வாய் திறக்கக்கூடாது என்பதுதான். என்னைப் பற்றி இந்த விஷயத்தில் தாங்கள் கவலைப்பட வேண்டாம். மணி அடிக்காமல் எங்கள் ஊரில் பூசையே நடக்காது. மாட்டுக்கு இரண்டு மணி கட்டினாலும் எனக்குச் சம்மதம்.

இதை எழுதும்போது ஒன்றைச் சொல்ல வேண்டும். மற்ற நாடுகளுக்குப் போன எங்கள் சொந்தக்காரர் பிரஜாவுரிமை பெற்ற கதையைக் கேட்டால், அரசாங்கத்துக்கு விண்ணப்பம் போட்டோம், சோதனை எழுதினோம், சத்தியப்பிரமாணம் எடுத்தோம் என்கிறார்கள். இங்கே முதலில் ஊர் ஏற்க வேண்டும், ஊர் ஏற்றால் மாநிலம், மாநிலம் ஏற்றால் பேர்ணிலுள்ள சமஷ்டி அரசு. மூன்று வாசல், மூன்றிலும் கட்டணம். மூன்றில் ஆகச் செலவு குறைந்தது நாட்டின் வாசல், தனியாளுக்கு 100 பிராங். ஊருக்கும் மாநிலத்துக்கும் கட்டுவதுதான் பையைக் கடிக்கிறது. யாழ்ப்பாணத்துக்காரனுக்கு இது விளங்காத முறை என்று நினைக்க வேண்டாம். எங்கள் ஊர்க் கோயில் பரிபாலன சபையும் இப்படித்தான், எத்தனையாம் திருவிழா யாருடைய உபயம் என்பதை நாலு பேர் கூடி முகத்தைப் பார்த்துத் தீர்மானிப்பார்கள். அதிலிருந்து தப்பித்தோம் என்று நினைத்துத்தான் இவ்வளவு தூரம் வந்தோம்.

முகம் பார்க்கும் வித்தையில் லுசேர்ன் பக்கத்து எம்மன் ஊரை யாரும் மிஞ்ச முடியாது. அங்கே விண்ணப்பகாரரின் விவரங்களை அச்சடித்து வீடு வீடாக அனுப்பி, ஆளாளுக்கு இரகசிய வாக்கெடுப்பு வைத்தார்கள். 2000ஆம் ஆண்டு வாக்கெடுப்பில் இத்தாலியப் பெயர்கள் தேறின, யூகோஸ்லாவியப் பக்கத்துப் பெயர்கள் விழுந்தன. காரணம் கேட்டால் வாக்குச்சீட்டு பேசாது. 2003இல் லொசான் நீதிமன்றம் இந்த முறை அரசியலமைப்புக்கு ஒவ்வாது என்று நிறுத்தியது. வாக்கெடுப்பைத் திரும்பக் கொண்டுவர ஒரு கட்சி 2008இல் நாட்டிடம் கேட்டுப் பார்த்தது, நாடு வேண்டாம் என்றது. இதே லொசான்தான் 1990இல் அப்பன்செல் உள்மாநிலத்து ஆண்களிடம், உங்கள் பெண்களுக்கும் வாக்குரிமை உண்டு என்று எடுத்துச் சொன்னது. ஊர்கள் முடிவெடுப்பதும் லொசான் திருத்துவதுமாக இந்த நாட்டின் தபால் சேவை நன்றாக நடக்கிறது.

நீங்கள் நேர்முகத்தில் கேட்கக்கூடிய வரலாறும் படித்தாயிற்று. 1291, 1848, 26 மாநிலங்கள், ஏழு மந்திரிகள், அதில் வருடத்துக்கு ஒருவர் ஜனாதிபதி. இந்த வருட ஜனாதிபதி யார் என்று எங்கள் உணவகத்தில் பரிமாறும் சுவிஸ் பிள்ளையிடம் கேட்டேன். "போன வருஷத்து ஆளைச் சொன்னால் போதுமா?" என்றாள். அவளுக்குப் போதும், எனக்குப் போதாது. அல்பேர்ட் ஐன்ஸ்டைன்கூட 1901இல் சூரிச்சில் உங்களைப் போன்றவர்களிடம்தான் பிரஜாவுரிமை வாங்கினார். அதற்குப் பிறகு இராணுவம் அவரைக் கூப்பிட்டு, தட்டைப் பாதம், காலில் நரம்பு புடைப்பு என்று திருப்பி அனுப்பியது. 25 வருடம் அடுப்படியில் நின்றவர்களின் கால் நரம்பையும் அதே வைத்தியர் பார்த்தால் ஒரு பட்டாளமே வீட்டுக்குப் போகும்.

இனி கணக்குப் பாடம். எனக்கு ஆக வருத்தம் இதிலேதான். 2018இல் வந்த புதுச் சட்டப்படி, விண்ணப்பிக்க இங்கே வாழ்ந்திருக்க வேண்டிய 12 வருடம் என்பது 10 ஆகக் குறைந்தது. பேப்பரில் பார்த்துச் சந்தோஷப்பட்டு ரொலெக்ஸ் வாங்கினவன் மாதிரி நடந்தேன். பிறகுதான் அடுத்த பந்தியை மகள் வாசித்தாள். நிரந்தரமாகத் தங்கும் சி (C) பெர்மிட் கையில் இருந்தால்தான் வாசலுக்கே வரலாம். அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரும்வரை 'என்' (N) பெர்மிட்டோடு இருந்த காலம் கணக்கில் இல்லை. தற்காலிகமாகத் தங்க விடும் எஃப் (F) பெர்மிட்டோடு இருந்த காலம் பாதிதான். 1983 கலவரத்துக்குப் பிறகு இங்கே வந்த எங்கள் ஆட்களில் எத்தனையோ பேர் 'என்' பெர்மிட்டிலும் எஃப் பெர்மிட்டிலும் இளமையைக் கழித்தவர்கள். அந்த வருடங்களில் விழுந்த பனியை முழுதாகத்தான் வாரினோம், வரியையும் முழுதாகத்தான் கழித்தார்கள். வயது மட்டும் பாதியாக ஏறியிருந்தால் நான் இப்போது உங்கள் மகனோடு உதைபந்தாட்டம் ஆடிக்கொண்டிருப்பேன்.

என் மகளுக்கோ நேர்மாறு. எட்டு வயதுக்கும் பதினெட்டுக்கும் இடையில் இங்கே இருந்த ஒவ்வொரு வருடமும் இரண்டாக எண்ணப்படும். ஊர்ச்சபைக் கடிதங்களை அவள் எங்களுக்கு வாசித்துச் சொல்லத் தொடங்கியதும் அந்த வயதில்தான், ஆகையால் இரட்டைக் கணக்கு நியாயம்தான். அவள் பிறந்தது இந்த மாவட்ட ஆஸ்பத்திரியில். ஆனாலும் பிறந்ததற்கென்று இங்கே மதிப்பெண் கிடையாது, அவளும் கேட்டுத்தான் வாங்க வேண்டும். மூன்றாம் தலைமுறைக்குச் சுருக்கு வழி வைப்போமா என்று 2017இல் நாட்டைக் கேட்டார்கள், 60 வீதத்துக்கு மேல் ஆம் என்றார்கள். நானும் விசாரித்தேன். என் பேரப்பிள்ளை அந்தச் சுருக்கு வழியால் வரவேண்டுமானால் என் மகள் சுவிஸ்காரியாகாமல் இருக்க வேண்டும். அவள் ஆகிவிட்டால் பிள்ளை பிறக்கும்போதே சுவிஸ். சுருக்கு வழியைக் காப்பாற்ற மகளை நிறுத்தி வைக்கவா என்று தங்கள் ஆலோசனையைக் கேட்கிறேன்.

பாஷையைப் பற்றிக் கவலை வேண்டாம். பேச்சில் பி ஒன்று, எழுத்தில் ஏ இரண்டு, சான்றிதழ் இணைத்திருக்கிறேன். சோதனையில் கேட்டது ஜேர்மன்காரரின் டொச். ஊரில் நீங்கள் பேசுவதோ சுவிஸ் டொச். சான்றிதழ் வாங்கிய கையோடு பேக்கரியில் போய் வடிவான டொச்சில் கதைத்தேன். அந்த அம்மா என்னை ஜேர்மனியிலிருந்து வந்தவன் என்று நினைத்துச் சற்று முகத்தைச் சுளித்தார். அந்த ஒரு நிமிடம் நான் தமிழனாயிருந்த குறை எனக்குத் தெரியவில்லை.

கடன் இல்லைச் சான்றிதழும் இணைப்பில் உண்டு. தமிழர் மத்தியில் நான் பிடித்த சீட்டுகள் எந்த அலுவலகத்திலும் பதிவாகாது, கழிவு போனது எனக்கும் என் மனிசிக்கும் மட்டும்தான் தெரியும். சமூக உதவிப் பணம் என்றொரு கேள்வியும் வரும். சமஷ்டிச் சட்டம் விண்ணப்பத்துக்கு முந்திய மூன்று வருடத்தில் எடுத்திருக்கக்கூடாது என்கிறது. பேர்ண் மாநிலம் அதையே 10 வருடம் ஆக்கியது. 2020 வசந்தத்தில் உணவகங்களையெல்லாம் மூடினபோது, மணித்தியாலக் கணக்கில் வேலை செய்த எங்கள் ஆள் ஒருவருக்கு ஒரு சதமும் இல்லை. கேட்டால் கிடைத்திருக்கும். கேட்கவில்லை. "அண்ணை, இப்ப எடுத்தா பிள்ளையளின்ர பாஸ்போட் போயிடும்" என்றார். இரண்டு மாதம் கோயில் அன்னதானத்திலும் சினேகிதர் கொடுத்த அரிசியிலும் ஓடியது. தங்கள் பதிவேட்டில் அவர் சொந்தக் காலில் நிற்பவர் என்று சுத்தமாக இருப்பார்.

கடைசியாக, ஊரில் யாரைத் தெரியும், எந்தச் சங்கத்தில் இருக்கிறீர்கள் என்ற கேள்வி. இதற்குத்தான் நான் ஆகப் பயப்படுகிறேன். துப்பாக்கிச் சங்கம் கூடுவது சனிக்கிழமை, பாட்டுச் சங்கம் வெள்ளி இரவு, தீயணைப்புத் தொண்டர் பயிற்சி மாலையில். அந்த நேரமெல்லாம் நான் குசினியில். பாட்டுச் சங்கம் பாடி முடித்து எங்கே வந்து சாப்பிடுகிறது என்பது தங்களுக்கும் தெரியும். ஃபொண்டு சட்டியில் முதலில் உள்ளியைத் தேய்ப்பது நான். வெள்ளை வைன் கொதிக்க விடாமல் சூடாக்கி, கிரூயேரும் வஷ்ரனும் பாதிக்குப் பாதி போட்டு, கிர்ஷில் கரைத்த சோளமா விட்டு, எட்டு எழுதுகிற மாதிரி கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். வட்டமாகக் கிண்டினால் கட்டிபடும் என்று எனக்குச் சொல்லித் தந்தவர் ஒரு பருத்தித்துறை அண்ணை. அவருக்கு அதைச் சொல்லித் தந்தவரும் தமிழர்தான். அடியில் பொருக்குப் பிடிப்பதற்குத் தலைவர் ஐயா சண்டை பிடிப்பார் என்று தெரிந்துதான் அந்த மேசைக்கு மட்டும் அடுப்பைச் சற்றுக் கூட்டி அனுப்புகிறோம். செயலாளர் அம்மாவுக்குச் சாதிக்காய் ஒவ்வாது, ஜன்னலோர ஐயாவுக்குக் கிர்ஷ் ஒரு கரண்டி அதிகம். உங்கள் எல்லோரையும் எனக்கு இவ்வளவு தெரியும். உங்களுக்கு என்னைத் தெரியுமா என்பதுதானே கேள்வி, அந்தக் கேள்வி ஏன் எனக்கு வருகிறது?

1978இல் வந்த "சுவிஸ்காரரை உருவாக்குபவர்கள்" படத்தை மகள் போட்டுக் காட்டினாள். பிரஜாவுரிமை கேட்டவர்களை அதிகாரிகள் பின்தொடர்ந்து வேவு பார்ப்பதைக் காட்டும் பகடி. நாடே பார்த்துச் சிரித்ததாம். நான் சிரிக்கவில்லை, குறிப்பெடுத்தேன். எங்கள் வீட்டுக் குப்பை வரி கட்டிய பையில், கடதாசி நூல் போட்டுக் கட்டிய கட்டுகளில். போத்தல்களை ஞாயிறில் போடுவதில்லை. உடுப்புத் தோய்க்கும் அறையில் எனக்கு விதித்த நாளைத் தவிர வேறு நாளில் ஒரு சால்வைகூடத் தோய்த்ததில்லை. வேவு பார்க்க வருபவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டியதில்லை, தேநீர் எப்போதும் உண்டு.

ஐந்து வருடம் சட்டப்படி வாழ்ந்தால் பிரஜாவுரிமை கொடுக்கலாம் என்று ஒரு மக்கள் கோரிக்கையை 2024இல் கையெழுத்துகளோடு பேர்ணில் கையளித்தார்கள். அதற்கு நான் கையெழுத்துப் போடவில்லை. போடும் உரிமை எனக்கு இல்லை என்பது தாங்கள் அறிந்ததே.

நிற்க. நேர்முகத்தை வியாழக்கிழமை மாலை 6.30க்கு வைத்திருக்கிறீர்கள். அன்று மாலை 7.30க்கு எங்கள் உணவகத்தில் ஒன்பது பேருக்கு ஃபொண்டு மேசை பதிவாகியிருக்கிறது. பெயர் எழுதும் இடத்தில் "பிரஜாவுரிமைக் குழு, வருடாந்த விருந்து" என்று முதலாளி எழுதி வைத்திருக்கிறார். அன்று குசினியில் நானும் கோப்பை கழுவும் தம்பியும்தான். அவன் வந்து மூன்று மாதம், இன்னும் எட்டு எழுதப் பழகவில்லை. நேர்முகத்தை மாற்றுவதா, விருந்தை மாற்றுவதா என்று செவ்வாய்க்கிழமைக்குள் அறியத் தந்தால் பாணுக்குச் சொல்லிவிட வசதியாயிருக்கும்.

இங்ஙனம்,
தங்கள் விண்ணப்பகாரன்,
குசினியிலிருந்து