தறிக்குழிக் கணக்கில் வெள்ளம் சொல்லுங்கள்

அனுப்புநர்: களம்பூர் பட்டு நெசவாளர் ஒருவர்.
பெறுநர்: நீர்வளத்துறை, சேப்பாக்கம், சென்னை.
பொருள்: வெள்ளம் கணிக்கும் கணினிக்குத் தறிக்குழியை அறிமுகம் செய்துவைப்பது தொடர்பாக.

ஐயா,

2024 டிசம்பர் 2 அதிகாலை, ஃபெஞ்சல் புயல் மழையின்போது, எங்கள் மாவட்டத்துச் சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டீர்கள். ஐந்து முறை எச்சரித்தோம் என்றது அரசு. எச்சரிக்கவே இல்லை என்றது எதிர்க்கட்சி. நான் இரண்டு பேரையும் நம்புகிறேன். கன அடியில் சொல்லிவிட்டால் சொன்னதாகவும் ஆயிற்று, ஒருவருக்கும் புரியாததாகவும் ஆயிற்று.

நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். பன்னிரண்டாயிரம் லிட்டர் தண்ணீர் லாரி என்றால் விநாடிக்கு நானூறு லாரி. 7.32 டிஎம்சி கொள்ளும் அணை தளும்ப நின்றாலும், அந்த வேகத்தில் பன்னிரண்டு மணி நேரத்தில் காலி. விழுப்புரத்திலும் கடலூரிலும் ஆற்றங்கரையில் தூங்கிக்கொண்டிருந்தவருக்கு இதில் எந்தக் கணக்கு வந்து சேர்ந்தது?

கணினியைக் குறை சொல்ல மாட்டேன். ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டினால், அது எத்தனை மணிக்கு எவ்வளவாகச் சாத்தனூர் வந்து சேரும், திறந்தால் கீழே எந்த ஊரில் எவ்வளவு ஏறும் என்று கணக்கிட அதற்குத் தெரியும். ஆனால் எங்கள் ஜக்கார்டு அட்டை மாதிரிதான் அதுவும்: துளை போடாத இடத்தில் இழை எழும்பாது. மணல் அள்ளிப் பள்ளமான ஆற்றையும், கரையை விழுங்கிய வீடுகளையும் அளந்து உள்ளே கொடுக்காவிட்டால், அது பாவம், பழைய ஆற்றுக்குத்தான் ஜோசியம் சொல்லும்.

சரியாகவே சொன்னாலும் உங்களுக்குச் சங்கடம்தான். புயலை நம்பி முன்கூட்டியே அணையில் இடம் விட்டு, புயல் திசை மாறிப் போய்விட்டால், கோடையில் விவசாயி சட்டையைப் பிடிப்பார். ஆகவே அணை நிரம்பும்வரை பொறுத்து, முடிவை மழையிடமே ஒப்படைப்பது உத்தமம். மழையை யாரும் பணியிடை நீக்கம் செய்ய முடியாது.

2015இல் மூழ்கிய பிறகு சென்னைக்கு வெள்ள முன்கணிப்பு அமைப்பு கிடைத்தது. செண்பகத்தோப்பு அணைக்குக் கீழே, ஆரணி வழியாக ஓடும் எங்கள் கமண்டல நாகநதி அந்த அளவுக்கு மூழ்கித் தகுதி பெறவில்லை என்பதைப் பணிவுடன் ஒப்புக்கொள்கிறேன். சலுகை அடிப்படையில் கீழ்க்கண்டவற்றை மட்டும் கோருகிறேன்:

1. எந்தத் தெருவில், எத்தனை மணிக்கு, நாங்கள் காலை இறக்கி உட்கார்ந்து நெய்யும் தறிக்குழிக்குள் எத்தனை அடி தண்ணீர் என்று சொல்லவும். தறியில் கட்டிய பாவு இழைகளை அறுத்துச் சுருட்டி மேலே ஏற்ற எங்களுக்கு நேரம் வேண்டும்.

2. கணிப்பு வந்தால் மதகைத் திறக்கும் அதிகாரம் யாருக்கு, எந்த அளவில் என்பதை மழைக்காலத்துக்கு முன்பே எழுதி ஒட்டவும். கணிப்பு பொய்த்தாலும் அந்த விதிப்படி நடந்த பொறியாளரைத் தண்டிக்க வேண்டாம்.

இந்த மனுவின் மீது எடுக்கும் நடவடிக்கையை, அணையைத் திறப்பதற்கு முன்பே தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தண்ணீர் வரும் திசையில் வசிப்பவன்