பள்ளத்தில் இறங்கிய பாதிரியார்

திருவிடந்தைப் பெருமாளுக்கு தினமும் கல்யாணம். காலவ முனிவருக்கு 360 பெண்களாம். நாளுக்கு ஒருத்தியாகக் கைப்பிடித்ததில் நித்தியகல்யாணப் பெருமாள் என்று பெயராகிவிட்டது. ஒரு நாள்கூட லீவு இல்லாமல் மணவறையில் இருக்கும் சாமியின் நிலத்தில் பீரங்கி நிறுத்தும் யோசனை நம் அரசாங்கத்துக்குத்தான் வரும். வந்தது. 2018 ஏப்ரல் 11 முதல் 14 வரை, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி ராணுவத் தளவாடக் கண்காட்சி. 12ஆம் தேதி பிரதமர் வந்து தொடங்கிவைத்தார். அன்றைக்குச் சென்னையில் காவிரி வாரியம் கேட்டுக் கறுப்புக் கொடியும் கறுப்பு பலூனுமாக இருந்தது. தண்ணீர் கேட்டவனுக்கு டாங்கி காட்டினார்கள்.

திருவிடந்தையில் இருப்பவர் வராகர். கடலுக்குள் போன பூமியைக் கோரைப்பல்லால் தூக்கி வந்தவர். அமுங்கிக் கிடப்பதைத் தூக்குவதுதான் அவருடைய தொழில். அதே தொழிலைச் செய்து பதக்கம் வாங்கிய ஒரு பாதிரியாரைச் சொல்ல வேண்டும். அவருக்குச் சம்பளம் கொடுத்தவர்கள் நம் ஆட்கள், அதனால் சொல்ல வேண்டும்.

ஜேம்ஸ் வில்லியம்ஸ் ஆடம்ஸ். அயர்லாந்தின் கார்க் ஊர்க்காரர், டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் படித்தவர். அயர்லாந்திலேயே பலசாலி என்று பேரெடுத்த ஆள். அந்தக் காலத்து இங்கிலீஷ் திருச்சபைக்கு இப்படிப்பட்ட ஆட்களைத்தான் பிடிக்கும். பைபிளும் வேண்டும், புஜமும் வேண்டும். 1866இல் இந்தியாவுக்கு வந்தார். இரண்டாம் ஆப்கன் போரில் ராபர்ட்ஸ் துரையின் காபூல் படைக்குப் பாதிரியாராகப் போனார்.

1879 டிசம்பர் 11. காபூலுக்கு மேற்கே கில்லா காசி என்ற இடம். ஆப்கானியர் ஆயிரக்கணக்கில் இறங்கி வர, வெள்ளைக்காரக் குதிரைப்படை பின்வாங்கியது. 9ஆம் லான்சர் படையின் வீரர்கள் சிலர் குதிரையோடு ஆழமான பள்ளத்துக்குள் விழுந்தார்கள். ஆள் அடியில், குதிரை மேலே, சுற்றிலும் தண்ணீர். பாதிரியார் தன் குதிரையை விட்டுவிட்டு உள்ளே குதித்தார். இடுப்பளவு தண்ணீரில் நின்று, தலைக்கு மேல் குண்டு பறக்க, உதைத்துத் திமிறும் குதிரைகளை இழுத்துப் போட்டுவிட்டு அடியில் இருந்தவர்களை வெளியே கொண்டுவந்தார். முன்னால் வந்த ஆப்கானியர் சில கெஜ தூரத்துக்கு வந்துவிட்டார்கள். அவர் நடந்தே தப்பித்தார்.

இதில் நான் ஒரு சொல்கூடக் கிண்டல் செய்ய மாட்டேன். அது வீரம்தான். அந்தப் பள்ளத்தில் நான் இருந்திருந்தாலும் அவர் கையைத்தான் பிடித்திருப்பேன்.

கிண்டல் பதக்கத்தில் தொடங்குகிறது. விக்டோரியா சிலுவை படைக்காரனுக்குத்தான். இவரோ மதத்துறைச் சிப்பந்தி. ஆகவே சட்டமே தடுத்தது. தடுத்தால் என்ன? 1881 ஆகஸ்டில் மகாராணியார் புது ஆணையே போட்டு, இந்தியாவின் மதத்துறை ஊழியரும் வாங்கலாம் என்று திருத்தினார். அதே மாதம் 26ஆம் தேதி கெஜட்டில் பெயர் வந்தது. ஒரு மனிதருக்காகச் சட்டம் எவ்வளவு நெகிழ்ந்துகொடுக்கிறது பாருங்கள்.

இப்போது அந்த மதத்துறை. கல்கத்தா பிஷப்பிலிருந்து கன்டோன்மென்ட் பாதிரியார் வரை அதற்குப் படியளந்தது இந்தியக் கஜானா. கஜானாவுக்குப் பணம் எங்கிருந்து? திருவிடந்தைக்குப் பக்கத்தில் கோவளம், கேளம்பாக்கம் உப்பளங்களைப் பார்த்திருப்பீர்கள். 1877 கடைசியில் சென்னை மாகாணத்தின் உப்பு வரியை மணுவுக்கு 1 ரூபாய் 13 அணாவிலிருந்து 2 ரூபாய் 8 அணாவாக ஏற்றினார்கள். வருஷத்தைக் கவனியுங்கள். தாது வருஷப் பஞ்சம் ஊரைத் தின்றுகொண்டிருந்த வருஷம். கஞ்சியே இல்லாதவனிடம் கஞ்சிக்குப் போடும் உப்புக்கு வரி ஏற்றினார்கள். அந்த உப்பில் ஒரு கிள்ளு அந்தப் பாதிரியாரின் சம்பளத்திலும் இருந்தது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். ஆடம்ஸ் நினைத்தாரா என்று கேட்டால் அது அநியாயம். எந்த ஊர் உப்பு என்று அவருக்கு யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்?

திருவிடந்தை ஊருக்குப் பின்னால், ஈ.சி.ஆருக்கும் பழைய மகாபலிபுரம் சாலைக்கும் நடுவே, பக்கிங்காம் கால்வாய் கிடக்கிறது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் அதன் சென்னைப் பகுதியைப் பஞ்சக் கூலிகளைக் கொண்டு வெட்டியது 1877, 78இல். கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயரை வைத்தார்கள்; வெட்டியவன் பெயருக்குக் கால்வாயில் இடம் போதவில்லை. கல்கத்தாவிலிருந்து சிக்கனம் கற்பிக்க வந்த ரிச்சர்ட் டெம்பிள் துரை நிவாரணக் கூலியைக் குறைத்தார்: ஆம்பிளை ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியம், கையில் ஓரணா. பெண்ணுக்கும் குழந்தைக்கும் அதிலும் குறைவு. ஒரு ராத்தல் என்றால் அரைக் கிலோகூட இல்லை. அதைத் தின்றுவிட்டு மண் வெட்ட வேண்டும். மாகாணச் சுகாதார அதிகாரி டாக்டர் கார்னிஷ் இது பட்டினி என்று கத்தினார். சில மாதம் கழித்து அளவை ஏற்றினார்கள். அதற்குள் போனவர்கள் போய்விட்டார்கள்.

இந்தக் கால்வாயிலும் இடுப்பளவு தண்ணீர் உண்டு. இதிலும் ஆள் விழுந்தான், விழுந்தவன்மேல் குதிரைக்குப் பதிலாக ஒரு சாம்ராஜ்யம் உட்கார்ந்திருந்தது. அதை இழுத்துப் போட எந்தப் பலசாலியையும் அனுப்பவில்லை. இந்தப் பள்ளத்தில் இறங்கினால் சிலுவைப் பதக்கம் தருவதாக எந்த ஆணையும் வரவில்லை.

சாவு எண்ணிக்கை லட்சங்களைத் தாண்டிய பிறகு வைஸ்ராய் லிட்டன் பிரபு இரக்கம் கொண்டார். இனிமேல் பஞ்சக் காப்புக்கென்று வருஷம் 15 லட்சம் பவுண்ட் ஒதுக்குவோம் என்று சொல்லிப் புது வரி போட்டார். வரி நிலைத்தது, ஒதுக்கீடுதான் நிலைக்கவில்லை. 1878 நவம்பரில் அதே லிட்டன் ஆப்கானிஸ்தானுக்குள் படையை விட்டார். பஞ்சத்துக்குச் சேர்த்த பணம் போருக்குப் போனதென்று இங்கிலாந்திலேயே கூச்சல் எழுந்தது. பிறகு வந்த பிரதமர் கிளாட்ஸ்டன் மனசாட்சி உறுத்தி 50 லட்சம் பவுண்ட் கொடுத்தார். செலவின் பெரும்பகுதி நம் தலையில். 1880இல் பஞ்சக் கமிஷன் அருமையான அறிக்கை எழுதியது. செத்தவர்கள் படிக்கவில்லை.

இன்னொன்று. கில்லா காசிக்கு முந்தைய சில வாரங்களில் ராபர்ட்ஸ் துரை காபூலில் தூக்குமேடை போட்டு எண்பதுக்கும் மேற்பட்ட ஆப்கானியரைத் தொங்கவிட்டார். பதக்க அறிக்கையில் குதிரை உண்டு, தண்ணீர் உண்டு, குண்டு உண்டு. அந்தக் கயிறு கிடையாது. படைப் பாதிரியார் இருப்பது படைக்கு. கயிற்றின் அந்தப் பக்கம் இருப்பவனுக்கு வேறு கடவுள், வேறு டிபார்ட்மென்ட்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் காலம் என்று யாரும் நிம்மதியாக வெற்றிலை போட வேண்டாம். நம் ராணுவத்திலும் மதபோதகர் பதவி இருக்கிறது. பண்டிட், கிரந்தி, மௌல்வி, பாதிரியார், பௌத்த பிக்கு என்று தனித்தனியாக விண்ணப்பம் கேட்கிறார்கள். சேரும்போதே நாயப் சுபேதார். சாஸ்திரம் படித்திருக்க வேண்டும். கூடவே 1,600 மீட்டரை எட்டு நிமிஷத்தில் ஓட வேண்டும், மார்பளவும் பார்ப்பார்கள். சரிதான், மலை உச்சியில் காவல் நிற்கும் பையனிடம் ஓடிப் போய் ஆறுதல் சொல்ல மூச்சு வேண்டும். அந்தப் பையனுக்கு ஆள் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தளபதி தப்பான உத்தரவு போடும்போது "ஐயா, இது பாவம்" என்று சொல்ல எத்தனை அங்குல மார்பு தேவை? உலகத்தில் எந்தப் படையும் அதற்கு நாடா வைத்துப் பார்த்ததாகக் கேள்விப்பட்டதில்லை.

திருவிடந்தைக் கண்காட்சிக்கு அடுத்த வருஷம் விஜயதசமியன்று, 2019 அக்டோபர் 8, பிரான்ஸில் ரஃபேல் விமானத்துக்குப் பூஜை நடந்தது. சுமார் 59,000 கோடி ரூபாய்க்கு 36 விமானம் பேசி, முதல் விமானத்தில் பாதுகாப்பு அமைச்சர் ஓம் எழுதி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். திருவிடந்தைப் பெருமாளுக்கும் தாடையில் திருஷ்டிப் பொட்டு உண்டு. அவர் சொந்தமாகவே வைத்துக்கொண்டார், டெண்டர் விடவில்லை. 2020 செப்டம்பரில் அம்பாலாவில் அந்த விமானங்களைப் படையில் சேர்த்தபோது சர்வ தர்ம பூஜை. எல்லா மதத்துக் குருமாரும் வரிசையாக நின்று ஜெபித்தார்கள். இந்த நாட்டில் எல்லாச் சாமிகளும் ஒரே மேடையில் சண்டையில்லாமல் ஒத்துப்போக ஒரு போர்விமானம் வர வேண்டியிருக்கிறது.

திருவிடந்தைக் கண்காட்சியின் கடைசி நாள் சித்திரை ஒன்று, பொதுமக்களை அனுமதித்தார்கள். நானும் வெயிலில் போய் அர்ஜுன் டாங்கியைப் பார்த்துவிட்டு வந்தேன். கோயில் வாசலில் மாலை விற்கும் அம்மா, கூடையில் ஈரத்துணியைப் போட்டு மூடியபடி உட்கார்ந்திருந்தார். கல்யாணம் ஆகாதவர்கள் மாலை வாங்கி அர்ச்சனை செய்து, கழுத்தில் போட்டுக்கொண்டு ஒன்பது சுற்று சுற்றுவது இங்கே வழக்கம்.

"எப்படிம்மா வியாபாரம்?"

"எங்க சார். பீரங்கி பாக்க வர்றவன் மாலையா வாங்குவான்? ஆமா, அம்மாம் பெரிய பீரங்கிய யாரு வாங்குறாங்க?"

"நீங்கதாம்மா. உங்க காசுதான்."

"எங்காசா? எனக்கு எதுக்குய்யா அது, வூட்டுல வைக்க எடமில்ல." சிரித்துவிட்டு ஒரு மாலையை எடுத்து நீட்டினார். எனக்குக் கல்யாணம் ஆகிப் பல வருஷம் ஆகிறது என்றேன்.

"அப்ப அந்தப் பீரங்கிக்குப் போடுங்க சார். அதுக்குத்தான் இன்னும் ஆவல."