ஏறி இறங்கினால் போதும்

கேள்வி: ஒரு வருடச் சந்தா கட்டி ஜிம்மில் சேர்ந்தேன். பதினைந்தே நாளில் நின்றுவிட்டேன். உடம்பும் தேறவில்லை, மனசும் தேறவில்லை. வீட்டிலேயே ஏதாவது வழி உண்டா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: உங்களைப் போன்றவர்களை நம்பித்தான் ஜிம்களே நடக்கின்றன. சந்தா கட்டிய அத்தனை பேரும் ஒரே நாளில் வந்தால் நிற்க இடமிருக்காது!

லண்டன் மாடி பஸ் ஊழியர்களை ஜெரி மாரிஸ் என்ற மருத்துவர் ஆராய்ந்து 1953-ல் எழுதினார். உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களைவிட, நாள் முழுக்கப் படியேறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு இதயநோய் குறைவு. ஒரே பஸ், ஒரே புகை. (டிரைவர்கள் வேலைக்குச் சேரும்போதே கொஞ்சம் பருமன்தான் என்பதை, சீருடையின் இடுப்பளவை வைத்துப் பிற்பாடு அவரே கண்டுபிடித்தார். நேர்மையான மனிதர்.)

ஆகவே லிஃப்டை மறந்துவிடுங்கள். குக்கர் மூன்று விசில் அடிப்பதற்குள் சுவரில் கை ஊன்றிப் பத்துத் தண்டால், நாற்காலியில் பத்து முறை உட்கார்ந்து எழுந்திருத்தல். தசைக்கு வாரம் இரண்டு நாளாவது வேலை கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். நடுவில் ஒருநாள் விட்டுப்போனால் குடி முழுகாது, மறுநாள் தொடருங்கள்.

மனசுக்கு? வாரம் 150 நிமிடம் வேகநடை. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். அக்கம்பக்கத்தாருக்கும் அதில் நிம்மதி.