பத்து வயது ஜிம்மிக்குப் பாலிசி எடுப்பது எப்படி

முதலில் ஜிம்மியின் வயதைக் கண்டுபிடியுங்கள். சின்ன வேலை என்று நினைத்துவிடாதீர்கள். சென்னைக் குடும்பங்களில் நாய்க்குப் பிறந்த தேதி கிடையாது, வெள்ளமும் புயலும்தான் உண்டு. "2015 வெள்ளத்தப்போ மாடிப்படியில நனைஞ்சுகிட்டு வந்து நின்னானே" என்பார் மனைவி. "அது வர்தாம்மா, எதிர்வீட்டு வேப்பமரம் விழுந்துச்சே, அன்னைக்கு" என்பாள் மகள். வெள்ளத்துக்கும் வர்தா புயலுக்கும் நடுவில் ஒரு வருடம். பாலிசி கிடைப்பதும் கிடைக்காததும் அந்த ஒரு வருடத்தில் இருக்கலாம். மாமியாரைக் கேட்காதீர்கள். அவர் சுனாமி என்பார்.

வயது தெரிந்ததும் ஏழால் பெருக்கிப் பார்க்கக் கை துறுதுறுக்கும். அது பழைய கணக்கு. 2020-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ ஆய்வாளர்கள் லேப்ரடார்களின் டி.என்.ஏ.வைப் பார்த்துப் புதுக் கணக்கு போட்டார்கள். அதன்படி இரண்டு வயது லேப்ரடார் 42 வயது மனிதருக்குச் சமம். (உங்கள் செருப்பைக் குதறியது ஒரு நடுத்தர வயதுக்காரர்.) பத்து வயதில் ஏறக்குறைய 68.

இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் தேவைப்படவில்லை. நம் நாட்டில் நாய்க்குப் பாலிசி தருகிறவர்கள் பெரும்பாலும் ஏழு, எட்டு வயதுக்கு மேல் புதிதாக யாரையும் சேர்ப்பதில்லை. கிரேட் டேன் மாதிரி ராட்சச இனம் என்றால் நான்கு வயதிலேயே கதவைச் சாத்துகிற இடமும் உண்டு. ஏற்கெனவே உள்ளே இருப்பவனைப் பத்து வயதில் வெளியே அனுப்புகிற பாலிசியும் உண்டு. ஜிம்மி கல்லைத் தின்று செரித்த வயதில் வா வா என்பார்கள். கண்ணில் புரை, காலில் மூட்டுவலி, கிட்னி என்று ஒவ்வொன்றாக ஆரம்பிக்கும்போது நன்றி, வணக்கம்.

நியாயமாக இந்த வழிகாட்டி இங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் நாய் வளர்க்கிற நீங்கள் அவ்வளவு சுலபத்தில் விடமாட்டீர்கள். வயது வரம்பைக் கொஞ்சம் தளர்த்தியிருக்கிற ஏதோ ஒரு கம்பெனியைத் தேடிப்பிடித்து ஏஜென்ட்டை வீட்டுக்கே வரவழைத்துவிடுவீர்கள். ஆகவே மேலே படியுங்கள்.

ஃபார்மில் இனம் என்று ஒரு கட்டம் இருக்கும். நாட்டு நாய் என்று நேராக எழுதுங்கள். அவன் தாத்தா ராஜபாளையம் என்பது உங்கள் நம்பிக்கை, அதற்குக் கட்டமில்லை. அடுத்தது ஆணா பெண்ணா. அமெரிக்காவில் 1982-ல் முதன்முதலாக நாய்க்கு மருத்துவ பாலிசி போட்டபோது அது சினிமா நாய் லாஸியின் பெயரில்தான் போடப்பட்டது. கதையில் லாஸி பெண். திரையில் லாஸியாக வந்து புகழ்பெற்றவை ஆண் நாய்கள். அந்தக் கட்டத்தில் என்ன எழுதினார்களோ!

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது.

"ஏற்கெனவே ஏதாவது வியாதி உண்டா சார்?"

"சேச்சே, ஒண்ணுமில்ல. ரெண்டு முட்டை, அரை கிலோ சிக்கன், அப்படியே இறங்கும்."

"தடுப்பூசி புக்கைக் கொஞ்சம் காட்டுங்க."

அந்தப் புத்தகத்தை எடுத்துக் கொடுப்பதற்கு முன் நீங்கள் ஒருமுறை புரட்டிவிடுவது நல்லது. ரேபிஸ் ஸ்டிக்கர்கள் வரிசையாக ஒட்டியிருக்கும், பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும். ஓரத்தில் டாக்டர் கிறுக்கி வைத்திருப்பதைப் பாருங்கள். "உண்ணிக் காய்ச்சல், தட்டணு குறைவு, டாக்ஸிசைக்ளின் 28 நாள்." அதற்குக் கீழே, "இடது பின்னங்கால் நொண்டல், ஓய்வு." தீபாவளி வெடிக்குப் பயந்து சோபாவுக்கு அடியில் பாய்ந்ததில் சுளுக்கிக்கொண்டது அது. மூன்றாம் நாளே தெருவில் பூனையைத் துரத்தினான். அதையெல்லாம் டாக்டர் எழுதவில்லை. நாளைக்கு இடுப்பு மூட்டு தேய்ந்துபோய் ஜிம்மி எழுந்திருக்கவே சிரமப்படும்போது, அந்த ஒற்றை வரியைத்தான் கம்பெனி படிக்கும். ஏற்கெனவே இருந்த நோய், பணம் கிடையாது. வயதான நாய் ஏதாவது ஒரு காலை எப்போதாவது நொண்டாமலா இருந்திருக்கும்? நான் பார்த்தவரை, கிழநாய்களுக்கு எந்தப் பாலிசியும் உதவாமல் போவது இந்த ஒரு நிபந்தனையால்தான். மறைத்து வாங்கினால் இன்னும் மோசம். பிரீமியமும் போகும், க்ளெய்மும் போகும்.

பல் சுத்தம் செய்வது பெரும்பாலும் பாலிசியில் வராது. வயதான நாய்க்கு மயக்க ஊசி போட்டுத்தான் அதைச் செய்யவேண்டும், செலவும் அதற்கேற்ற மாதிரி. ஆனால் கூடுதல் பிரீமியம் கட்டினால் திருட்டுக்கும் காணாமல் போவதற்கும் காப்பீடு தருவார்கள். ஜிம்மியைத் திருட வருகிறவன் முதலில் அவனைப் படியிறக்கித் தூக்கிக்கொண்டு போகவேண்டும். கூரியர் பையனைக் கடித்தால் நஷ்டஈடு தரும் பிரிவும் உண்டு. ஜிம்மிக்கு எத்தனை பல் மிச்சம் என்று எண்ணிவிட்டு அதில் கையெழுத்துப் போடுங்கள்.

இப்போது கணக்கு. ஒரு பேச்சுக்கு, வருடப் பிரீமியம் 7,000 ரூபாய், க்ளெய்மில் உங்கள் பங்கு இருபது சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்து வீட்டு ரோஸி, ஆறு வயது, கருத்தடை செய்யவில்லை. கர்ப்பப்பையில் சீழ் கட்டி ராத்திரியோடு ராத்திரியாக ஆபரேஷன். 30,000 ரூபாய் ஆனால் 24,000 திரும்பி வரும். பிரீமியம் போக 17,000 லாபம். ரோஸி வீட்டார் செய்தது புத்திசாலித்தனம். ஜிம்மிக்கோ எதுவும் இப்படி ஒரே அடியாக வருவதில்லை. மாதா மாதம் மூட்டு மாத்திரை, அவ்வப்போது ரத்தப் பரிசோதனை, கிட்னிக்கென்று தனித் தீவன மூட்டை. எதிர்பாராத செலவுக்குத்தான் காப்பீடு. கிழநாயின் செலவு மொத்தமும் எதிர்பார்த்ததுதான். வரும் என்று இரண்டு பேருக்கும் தெரிந்த செலவை எந்தக் கம்பெனி ஏற்றுக்கொள்ளும்? ஸ்வீடனில் பெரும்பாலான நாய்களுக்குக் காப்பீடு உண்டு என்றால், அங்கே குட்டியிலேயே சேர்த்துவிடுகிறார்கள். நீங்களும் குட்டியில் எடுத்து இன்றுவரை புதுப்பித்து வந்தவர் என்றால், ஒருநாள்கூடத் தவறவிடாதீர்கள். விட்டால் காத்திருப்புக் காலம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

மற்றவர்களுக்கு அந்த 7,000 வங்கியிலோ தபாலாபீசிலோ ஆர்.டி.யாக இருக்கட்டும். சென்னைக்காரர்களுக்கு வேப்பேரி இருக்கிறது. 1903-ல் சைதாப்பேட்டையில் தொடங்கிப் பிறகு இங்கே வந்த கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி. எக்ஸ்ரே, ஸ்கேன், ஆபரேஷன் எல்லாம் தனியார் கிளினிக்கைவிடக் குறைந்த செலவில் முடியும். பதிலுக்கு ஒருநாள் லீவு போடவேண்டும். ஆட்டோவில் போர்வை விரித்து, மடியில் தலையை வைத்து, டோக்கன் வாங்கி, முன்னால் நிற்கிற பொமரேனியனின் வசவுகளைக் கேட்டுக்கொண்டு நிற்கவேண்டும்.

எவ்வளவு வரைக்கும் போவது என்று வீட்டில் பேசிவிடுங்கள், எல்லோரும் நிதானமாக இருக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமையில். பதின்மூன்று வயதில் மயக்க மருந்து கொடுத்துக் கட்டியை எடுப்பதா, வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதா என்று டாக்டரையும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். கிளினிக் வாசலில் நின்று முடிவெடுத்தால் எவரும் "என்ன வேணும்னாலும் செய்யுங்க டாக்டர்" என்றுதான் சொல்வார்கள். ஜிம்மிக்கு அதுதான் வேண்டுமா என்று அப்போது யாருக்கும் யோசிக்கத் தோன்றாது.

கடைசியாக, வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டால் ஏஜென்ட்டுக்குக் காபி கொடுக்காமல் அனுப்பிவிடுங்கள். காபி குடித்தால் உட்காருவார். உட்கார்ந்தால் கண் ஜிம்மியை விட்டு உங்கள் பக்கம் திரும்பும். "சாருக்கு என்ன வயசாகுது?" என்பார்.