அம்பெய்தல் போட்டியில் மதிப்பெண் குறிக்கும் கைக்கணினியைத் தேர்ந்தெடுத்தல்: திருப்புல்லாணியின் வெயிலையும் உப்புக்காற்றையும் முன்வைத்து ஓர் ஆய்வு

மதிப்பெண் கைக்கணினி என்பது, இலக்குப் பலகையில் தைத்து நிற்கும் அம்புகளின் மதிப்பை அங்கேயே பதிவுசெய்து, நடுவர் மேசையிலுள்ள மடிக்கணினிக்கு வைஃபை வழியாக அனுப்பும் கருவி. மைதானத்தில் இதற்கு 'டேப்' என்றே பெயர். துப்பாக்கி சுடுதலின் பெரும்பகுதிக்கு இது தேவைப்படுவதில்லை. 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் மையப் புள்ளியின் அகலம் அரை மில்லிமீட்டர்; உச்ச மதிப்பு 10.9. அந்தப் பின்னத்தை மின்னணு இலக்கே கணித்துத் திரையில் காட்டிவிடுவதால், அங்கே மனிதருக்கு மிஞ்சும் வேலை பெருமூச்சு விடுவது மட்டுமே. புதுக்கோட்டையின் பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கலந்துகொண்ட ட்ராப் போட்டியில் கேள்வி இன்னும் எளிது: பறந்த தட்டு உடைந்ததா, உடையவில்லையா. அம்பெய்தலில் நிலைமை வேறு. நான்கு பேர் 70 மீட்டர் நடந்துபோய், ஒரே பலகையின் முன் நின்று, கோட்டின் மேல் நிற்கும் அம்பு கோட்டைத் தொடுகிறதா என்று குனிந்து பார்த்து, ஒருவர் சொல்வதை மற்ற மூவரும் ஒப்புக்கொள்ளவேண்டும். கைக்கணினி நுழைவது இந்த இடத்தில்தான்.

ஆய்வு நிலமாகத் திருப்புல்லாணியைக் கொள்வதற்குத் தகுந்த காரணம் உண்டு. இராமநாதபுரத்துக்குத் தெற்கே சுமார் 10 கிலோமீட்டரில் இருக்கும் இவ்வூரில், இலங்கைக்கு வழி கேட்டு இராமன் தர்ப்பைப்புல்லின் மேல் கிடந்ததாக ஐதிகம். ஆதிஜெகந்நாதப் பெருமாள் கோயிலில் தர்ப்ப சயன இராமர் இன்றும் கிடந்த கோலத்தில் இருக்கிறார். அவருக்கு வில்லைக் கொடுத்தவரே ஆதிஜெகந்நாதர்தான் என்கிறது தலபுராணம். அதாவது உபகரணம் போட்டி அமைப்பாளரின் பொறுப்பு என்ற மரபு இங்கே தொன்மையானது. எனவே, இம்மண்ணின் முதல் அம்பெய்தலில் மதிப்பெண் எப்படிப் பதிவானது என்ற கேள்வியைத் தவிர்த்துவிட்டு மேலே செல்வது ஆய்வு நேர்மை ஆகாது.

வான்மீகத்தின்படி இராமன் மூன்று இரவு காத்திருந்தான், கடலரசன் வரவில்லை. பிறகு கடலையே இலக்காக்கிப் பிரம்மாத்திரத்தைத் தொடுத்தான். அம்பு நாணில் இருக்கும்போது கடலரசன் எழுந்து வந்து பணிந்தான். தொடுத்த அம்பு வீண்போகக்கூடாது என்பதால், வடக்கே இருந்த துருமகுல்யம் என்ற இடத்தைக் காட்டினான். அம்பு அங்கே போய் விழுந்து நிலம் பாலையானது. இன்றைய விதிநூலை வைத்துப் பார்த்தால் இதில் ஆராயத்தக்கன பல. தனியாள் போட்டியில் இருவர் மாறி மாறி எய்யும்போது ஓர் அம்புக்குத் தரப்படும் நேரம் 20 நொடி. இங்கே மூன்று நாள். இலக்கு, வில் வளைந்த பிறகு மாற்றப்பட்டது. மாற்றியவர் நடுவர் அல்லர், இலக்கே. ஆயினும் ஓர் அம்சத்தில் இந்த எய்தல் பழுதற்றது. வட அரைக்கோளத்தில் இலக்குகளை மைதானத்தின் வடகோடியில் நட்டு, வீரர்கள் வடக்கு நோக்கி எய்யும்படி அமைப்பதே இன்றைய வழக்கம். தென்கடலை நோக்கிய அம்பை வடக்கே திருப்பிவிட்ட கடலரசன், மைதான அமைப்பில் தேர்ந்தவன் என்றே கொள்ளவேண்டும். மதிப்பெண்ணை எந்த ஏட்டில் யார் குறித்தார் என்பது மட்டும் எந்த உரையிலும் இல்லை.

இனி, கருவி செய்யவேண்டிய வேலையின் அளவு. தகுதிச் சுற்றில் ஒருவருக்கு 72 அம்பு. ஒரு தடவைக்கு ஆறாகப் பன்னிரண்டு தடவை. பலகைக்கு நான்கு பேர் என்றால் 288 பதிவுகள். மாவட்டப் போட்டி ஒன்றுக்குப் பதினாறு பலகை நட்டால் 4,608. ஒவ்வொரு பதிவும் பன்னிரண்டு பொத்தான்களில் ஒன்றைத் தொடுவது: பத்து எண்கள், உள்வட்டத்துக்கு எக்ஸ், தவறியதற்கு எம். பிறகு கூட்டல், விடை 720-ஐத் தாண்டாது. கடைக்காரர்கள் எட்டுக் கரு கொண்ட செயலி, எட்டு ஜிபி நினைவகம் என்று அடுக்கும்போது, வாங்கப்போனவர் இந்த 720-ஐ நினைவில் வைத்திருப்பது நலம். திருப்புல்லாணி ரேஷன் கடையின் கால்குலேட்டர்கூட இந்தக் கணக்குக்கு மிகையானது. செயலியின் வேகம் தேர்வுக்கு அளவுகோல் ஆகாது என்பது இதனால் பெறப்படும்.

அளவுகோல் வெயில். வேறு எதையும்விட இதைப் பற்றியே விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது.

விலை குறைந்த டேப்களின் திரை வெளிச்சம் 300 முதல் 400 நிட் வரை. ஐபேட் மினி 500. வீட்டுக்குள் இது தாராளம். நேர்வெயிலின் ஒளியோ ஒரு லட்சம் லக்ஸ் அளவுக்குப் போகும். அந்த ஒளியில் ஒரு சிறு பங்கைக் கண்ணாடி திருப்பியனுப்பினாலே திரையிலுள்ள எழுத்து மங்கி, பார்ப்பவரின் முகம் தெளிவாகத் தெரியும். வெளியிடத்தில் சங்கடமின்றிப் படிக்க 1,000 நிட் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அந்த வெளிச்சம் தரும் கருவியின் விலையைக் கேட்ட பொருளாளர்கள் பேச்சை மதிய உணவுக்குத் திருப்புவது இயல்பு.

இங்கே வானியல் குறுக்கிடுகிறது. திருப்புல்லாணி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 9.3 பாகையில் இருக்கிறது. ஆகவே சித்திரைப் பிறப்பை ஒட்டி ஒருமுறையும் ஆகஸ்ட் மாதக் கடைசியில் ஒருமுறையும், உச்சிப்பொழுதில் சூரியன் நேர் தலைக்கு மேலே நிற்கும். இவ்விரு நாட்களுக்கும் இடைப்பட்ட நாலரை மாதம் உச்சிச் சூரியன் தலைக்குச் சற்று வடக்கே சாயும். மற்ற மாதங்களில் தெற்கே. பலகையின் முன் வடக்கு நோக்கி நிற்பவர் கையிலுள்ள திரை தெற்கே பார்த்திருக்கும். ஆகவே ஆவணிக்குப் பின்பு பங்குனி முடிய, வெயில் தோளுக்கு மேலாக வந்து திரையில் விழும். சித்திரை முதல் ஆவணி வரை, திரையைச் செங்குத்தாகப் பிடித்தால் அது தன் நிழலிலேயே இருக்கும். போட்டியை இந்த நாலரை மாதத்தில் வைப்பதே சாத்திரசம்மதம் என்று முடிவுகட்டலாம் போலத் தோன்றும்.

அதற்குத் தடை வெப்பம். ஐபேட் இயங்கத்தக்க சுற்றுச்சூழல் வெப்பநிலையை ஆப்பிள் நிறுவனம் 0 முதல் 35 பாகை செல்சியஸ் வரை என்று குறிப்பிடுகிறது. சுழியத்தைப் பற்றி இராமநாதபுரம் மாவட்டத்தார் கவலைகொள்ள வேண்டியதில்லை. மேல் எல்லைதான் தொல்லை; கோடையில் 35 இங்கே அதிசயமான அளவன்று, வெயிலில் கிடக்கும் கருங்கண்ணாடியோ காற்றைவிட வெகுவாகச் சூடேறும். சூடு மிஞ்சினால் கருவி முதலில் திரையை மங்கலாக்கும், பிறகு மின்னேற்றத்தை நிறுத்தும், கடைசியில் வெப்பமானிப் படத்தைக் காட்டிப் படுத்துக்கொள்ளும். ஒளி சலுகை தரும் மாதங்களில் வெப்பம் தண்டம் வாங்கிவிடுகிறது. மீதியிருக்கும் வழி, பலகைக்கு ஒரு கருப்புக் குடையும் அதைப் பிடிக்க ஒரு பள்ளி மாணவரும். நல்ல நிழல் ஒளியைப் பத்தில் ஒன்றாகக் குறைத்துவிடும். விலையும் சில நூறு ரூபாய்தான். 300 நிட் திரையை 1,000 நிட் திரையாக்க இதைவிட மலிவான வழி தற்போது கைவசம் இல்லை.

குளிர்க்கண்ணாடி தனிச் சிக்கல். ஒளிமுனைவாக்கக் கண்ணாடி அணிந்தவர் எல்சிடி திரையை ஒரு கோணத்தில் பார்த்தால் தெளிவாகத் தெரியும். திரையைத் திருப்பினால் முழுக்கக் கறுத்துவிடும். நால்வர் நான்கு திசையில் நின்று எட்டிப்பார்க்கும்போது இருவருக்கு 9 தெரிந்து, ஒருவருக்கு இருட்டு தெரிந்து, நான்காமவர் கருவி பழுது என்று அறிவிப்பது உண்டு. மதிப்பெண் கைக்கணினியின் முதற்பண்பை இதிலிருந்து வரையறுக்கலாம்: கருத்து வேறுபாடுள்ள நால்வர் ஒரே நேரத்தில் ஒரே எண்ணைக் காணுமாறு அமைந்திருத்தல். மற்ற பண்புகள் எல்லாம் இதற்குப் பின்புதான்.

இப்பண்பை இயல்பாகவே உடையது மின்மைத் திரை. அது தானாக ஒளிராது, விழும் ஒளியைத் திருப்பித் தரும். வெயில் ஏற ஏறத் தெளிவு கூடும். பார்ன்ஸ் அண்ட் நோபிள் நிறுவனம் 2011-இல் விற்ற 'நூக் சிம்பிள் டச்' என்ற புத்தகம் படிக்கும் கருவிக்குள் ஆண்ட்ராய்டு ஒளிந்திருந்தது. அமெரிக்காவில் கைத்துப்பாக்கியுடன் ஓடி ஓடிச் சுடும் போட்டிக்காரர்கள் அதன் பூட்டை உடைத்து, 'பிராக்டிஸ்கோர்' என்ற மதிப்பெண் செயலியை அதில் ஏற்றினார்கள். நாவல் படிக்கப் பிறந்த கருவி மைதானத்தில் வாழ்வு பெற்றது. குறை என்னவென்றால், திரை மாறுவதற்கு ஒரு கணம் பிடிக்கும். பொறுமையற்றவர் அதற்குள் இரண்டாம் முறை தொட்டு, அடுத்த அம்புக்கும் மதிப்பு கொடுத்துவிடுவார்.

வெயிலில் படிக்கத்தக்கது, மின்கலம் வேண்டாதது என்று பார்த்தால், இப்பகுதிக்குரிய மூத்த கருவி பனையோலை. திருப்புல்லாணியைச் சுற்றிப் பனைக்குப் பஞ்சமில்லை. எழுத்தாணியால் கீறியதை அழிக்க முடியாது என்பதும் விதிக்கு உகந்ததே, ஏனெனில் மதிப்பெண் தாளில் செய்யும் எந்தத் திருத்தமும் மறைவாக இருக்கக்கூடாது. ஆனால் கீறிய எழுத்து கண்ணில் படக் கரியோ இலைச்சாறோ பூசித் துடைக்கவேண்டும். 288 பதிவுக்குப் பூசித் துடைத்தால் மாலை ஆகிவிடும். மேசையிலுள்ள மடிக்கணினியோடு ஓலை பேசாது என்பது இரண்டாவது குறை. வீரர்கள் இந்த இரண்டாவதைப் பெரிதாக எண்ணுவதில்லை, பெற்றோர்கள் எண்ணுகிறார்கள்.

அளவைப் பொறுத்தவரை எட்டு அங்குலமே ஏற்றது. பத்து அங்குலத் திரைக்கு இரண்டு கையும் வேண்டும், கடற்காற்று அதைப் பாயாக எடுத்துக்கொள்ளும். ஆறு அங்குலத்தில் 9-ஐத் தொட்டால் 8 விழும். எய்பவரின் விரலில் தோலுறை இருக்கும்; தோலுக்குத் தொடுதிரை இசைவதில்லை. வியர்வைக்கோ அளவுக்கு மீறி இசைந்து, தொடாத இடத்தையும் தொட்டதாகக் கொள்ளும். எனவே எய்த கையால் குறிக்காமல் இருப்பதும், துணி ஒன்று வைத்திருப்பதும் நல்லது.

இயங்குதள விவாதத்தை வைணவ நிலத்தில் நடத்துவது எளிது. வடகலையார் சொல்லும் குரங்குக் குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ளவேண்டும். தென்கலையார் சொல்லும் பூனைக் குட்டியைத் தாயே கவ்விக்கொண்டு போகும். ஆண்ட்ராய்டு முதல் வகை: பயனர்தான் ஒவ்வோர் அமைப்பையும் தேடிப் பற்றவேண்டும், விட்டால் விழுவார். ஐபேட் இரண்டாம் வகை: தூக்கிப்போகும், எங்கே என்று கேட்கக்கூடாது. பத்தாயிரம் ரூபாய் வட்டாரத்தில் பதினாறும் உதிரியாக இரண்டும் வாங்கவேண்டிய மாவட்டச் சங்கத்துக்கு, தத்துவம் எதுவாயினும் முதல் வகையே கைக்கெட்டுகிறது.

உப்பு அடுத்தது. இதே கரையிலுள்ள பாம்பனில் 1914-இல் திறந்த இரயில் பாலம் துருவோடு நூறாண்டுக்கு மேல் போராடி, 2022 டிசம்பரில் ஓய்ந்தது. இரும்பையே தின்ற காற்றுக்கு மின்னேற்றத் துளையின் உலோகப் பல் ஒரு வாய்க்குப் போதாது. ஐபி68 தரச்சான்று பெற்ற முரட்டு டேப்கள் உண்டு. சாம்சங்கின் கேலக்ஸி டேப் ஆக்டிவ்3-இல் மின்கலத்தைக் கழற்றி மாற்றவும் முடியும். தூசுக்கு 6, தண்ணீருக்கு 8 என்று சான்றளிக்கும் அந்தத் தரமுறையில் அம்புக்கு எண் எதுவும் இல்லை. ஆகவே எவ்வளவு விலையுயர்ந்ததானாலும் டேப்பைப் பலகையின் முகப்பில் தொங்கவிட்டுத் திரும்பி வரக்கூடாது. பலகையின் பின்புறமும் முழுப் பாதுகாப்பன்று. பலகையைத் தவறும் அம்புகளும் உண்டு, குறிப்பாக மூங்கில் வில்லால் 50, 30 மீட்டரில் எய்யும் இந்தியன் ரவுண்ட் பிரிவில். கையோடு கொண்டுவருவதே சிறந்தது.

மின்கலத்தைப் பற்றிய அச்சம் பெரும்பாலும் வீண். பன்னிரண்டு தடவையும் மும்மூன்று நிமிடம் திரை எரிந்தால் மொத்தம் 36 நிமிடம். இடையில் யாரும் படம் பார்க்காவிட்டால் பழைய கருவியும் தாங்கும். அதை உறுதிசெய்யச் செயலி ஒன்றை மட்டும் திரையில் பூட்டிவைக்கும் வசதி ஆண்ட்ராய்டிலேயே இருக்கிறது. தானியங்கி வெளிச்சத்தை அணைத்து உச்சத்தில் நிறுத்தவேண்டும். சிம் அட்டை போடக்கூடாது. போட்டால், அம்புக்குக் குனிந்திருக்கும் நால்வரின் நடுவே வாட்ஸ்அப் காலை வணக்கம் ரோஜாப்பூவோடு வந்து நிற்கும்.

மென்பொருள் எளிதாகக் கிடைக்கிறது. இத்தாலியில் உருவான 'இயான்சியோ' இலவசம். உலகப் போட்டிகளிலும் அதுவே புழக்கத்தில் இருக்கிறது. மைதானத்துக்கு இணையம் வேண்டியதில்லை, ஒரு மடிக்கணினியும் ஒரு ரௌட்டரும் போதும். ரௌட்டரை நடுவர் மேசைக்கு அடியில் வைக்காமல் கம்பத்தில் உயர்த்திக் கட்டவேண்டும். 70 மீட்டருக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையே நன்றாகப் போய்ச் சேரும். தொடர்பு அறுந்தாலும் டேப் எண்களைத் தன்னிடமே வைத்திருந்து பிறகு அனுப்புகிறதா என்பதை, வாங்குமுன் ரௌட்டரை அணைத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளவேண்டும். மின்தடை வரும்போது தெரிந்துகொள்வது காலங்கடந்தது.

இவ்வளவுக்கும் பிறகு தாள் போய்விடுவதில்லை. மதிப்பை ஒருவர் டேப்பிலும் இன்னொருவர் அட்டையில் செருகிய தாளிலும் குறிப்பார்கள். இரண்டும் ஒத்த பின்புதான் அம்பைத் தொடலாம். பிடுங்கிவிட்டால் சாட்சி போய்விடும். பலகையில் மிஞ்சும் துளைகளையும் கோடிட்டுக் குறிப்பார்கள், தெறித்து விழும் அடுத்த அம்பின் வழக்குக்காக. ஆகவே கொள்முதல் பட்டியலில் பதினெட்டு டேப், பதினெட்டு உறை, பதினாறு குடை, துடைக்கும் துணி ஆகியவற்றோடு பதினாறு எழுத்து அட்டையும் பேனாவும் சேரும். பேனாவை நூலால் அட்டையோடு கட்டவேண்டும். போட்டி முடிந்ததும் டேப்களின் துளைகளை உலர்ந்த தூரிகையால் துடைத்து, மின்கலத்தைப் பாதியளவு ஏற்றி, காற்றுப்புகாத டப்பாவில் வைத்து, கடவுச்சொல்லை ஒருவருக்குப் பதில் இருவரிடம் சொல்லிவைக்கவேண்டும். செயலாளர் பதவி ஆண்டுதோறும் மாறக்கூடியது.