ஆகாயத்துக்குக் காவல்கூலி

டி. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கடைசிக் காலத்தைக் கழித்த ஜே.சி. குமரப்பா 1960 ஜனவரி 30 அன்று காலமானார். காந்தி சுடப்பட்ட அதே தேதி. இருபத்தேழு நாள் கழித்து, பிப்ரவரி 26 அன்று, எதிரி நாட்டில் ஏவுகணை கிளம்பினால் மேலே இருந்தே பார்த்துச் சொல்லும் செயற்கைக்கோள் ஒன்றை அமெரிக்க விமானப்படை புளோரிடாவிலிருந்து அனுப்பியது. பெயர் மிடாஸ். தொட்டதெல்லாம் பொன்னாகும் வரம் வாங்கிய கிரேக்கக் கதை ராஜாவின் பெயர். ராக்கெட்டின் அடுக்குகள் ஒழுங்காகப் பிரியாததால் அது வானத்துக்குப் போகாமல் அட்லாண்டிக் கடலுக்குப் போனது. பொன்னானது காண்ட்ராக்ட்டர் தொட்டது மட்டும்தான்.

இரண்டு சம்பவத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று சரித்திர ஆசிரியர்கள் சொல்வார்கள். சரிதான். ஆனால் அந்த வானத்துக் காவலுக்கு அறுபத்துச் சொச்சம் வருஷமாக எழுதப்பட்டுவரும் செலவுக் கணக்கைத் தணிக்கை செய்ய உலகத்திலேயே தகுதியான ஆள் கல்லுப்பட்டியில்தான் குடியிருந்தார். தப்பித்தது அவரா, அவர்களா என்பதுதான் கேள்வி.

குமரப்பாவைக் கதர்க்காரர், செக்கெண்ணெய்க்காரர் என்றே நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மனிதர் லண்டனில் படித்த கணக்குத் தணிக்கையாளர். அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொதுநிதி படித்தவர். பிரிட்டனுக்கும் இந்தியாவுக்கும் நடுவிலுள்ள கடன் கணக்கை ஆராய 1931-இல் காங்கிரஸ் அமைத்த குழுவில் இருந்து, சாம்ராஜ்யத்தின் பேரேட்டையே புரட்டிப் பார்த்தவர். 1934 பீகார் பூகம்ப நிவாரண நிதிக்கும் கணக்கு அவர் கையில்தான். தொண்டருக்கு ஒரு நாள் செலவு மூன்றணா என்று விதி. காந்தி தம் பரிவாரத்தோடு பாட்னாவுக்கு வந்து சேர்ந்தார். காந்தி பரிவாரம் என்றால் பால், பழம், மோட்டாருக்குப் பெட்ரோல் எல்லாம் உண்டே. குமரப்பா காந்தியின் செயலாளர் மகாதேவ தேசாயைக் கூப்பிட்டு, இந்தச் செலவெல்லாம் நிவாரண நிதியில் ஏறாது, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். மகாத்மாவின் பால் கணக்கையே ஆட்சேபித்தவர் முன்னால் அந்த மிடாஸ் காண்ட்ராக்ட்டர் லாக்ஹீட் கம்பெனி போய் வவுச்சரை நீட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இனி வருவது அந்த யோசனைதான். சம்பவங்கள் நிஜம், தணிக்கை மட்டும் கற்பனை.

முதல் கோப்பு 1960 அக்டோபர் 5. செயற்கைக்கோள் சரிப்பட்டு வரும்வரை தரையிலிருந்தே பார்க்கலாம் என்று கிரீன்லாந்தில் தூலே என்ற பனிக்காட்டில் பிரம்மாண்டமான ராடார்களை நிறுத்தியிருந்தார்கள். கட்டிக்கொடுத்தது ஆர்.சி.ஏ. நிறுவனம். கிராமபோன் குழாய்க்கு முன்னால் நாய் ஒன்று உட்கார்ந்து பாட்டுக் கேட்குமே, அந்த நாய்ப்படம் அமெரிக்காவில் இவர்களுடைய சின்னம். புது ராடார் அன்றைக்கு சோவியத் ஏவுகணைகள் திரண்டு வருவதாகச் சொன்னது. 99.9 சதவீதம் நிச்சயம் என்றது கணினி. கொலராடோ தலைமையகத்தில் அப்போது பொறுப்பில் இருந்தவர் ராய் ஸ்லெமன் என்ற கனடாக்காரர். அவர் கேட்டது ஒரே கேள்வி: சோவியத் தலைவர் குருஷ்சேவ் இப்போது எங்கே இருக்கிறார்? நியூயார்க்கில், ஐ.நா. கூட்டத்துக்கு வந்திருக்கிறார். தன் குண்டு விழப்போகிற ஊரிலேயே போய்த் தங்கியிருப்பாரா ஒரு மனிதர்? விசாரித்துப் பார்த்தால், நார்வே பக்கம் நிலா உதித்திருக்கிறது. ராடார் அனுப்பிய அலை நிலாவில் பட்டுத் திரும்பி வந்திருக்கிறது. நிலா என்று ஒன்று தினமும் வரும் என்பதைக் கட்டியவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை. கம்பெனியின் நாய் நிலாவைப் பார்த்துக் குரைத்தது, அவ்வளவுதான்.

குமரப்பாவின் குறிப்பு: நிலா பழைய சொத்து. இருப்புப் பட்டியலில் விட்டுப்போனது ஏன்? விளக்கம் தேவை.

மிடாஸ் வரிசையில் 1963 மே 9 அன்று போனதுதான் முதன்முதலாக ஏவுகணை கிளம்புவதை மேலே இருந்து கண்டுபிடித்தது. அதே ராக்கெட்டில் சுமார் 48 கோடி செப்பு ஊசிகளையும் ஏற்றிக்கொண்டு போய் வானத்தில் தூவினார்கள். ரேடியோ அலை அவற்றில் பட்டுத் திரும்புமாம், தொலைத்தொடர்புக்கு ஆகுமாம். வானவியல்காரர்கள் உலகம் முழுக்கக் கூச்சல் போட்டார்கள். ஊசிக்கு எந்தத் தலைப்பில் செலவு எழுதினார்களோ தெரியாது. குமரப்பா இருந்திருந்தால் தையல் செலவு என்று எழுதி, உடனே ரத்தும் செய்திருப்பார்.

நிஜமான காவல் தொடங்கியது 1970 நவம்பர் 6-இல். டி.எஸ்.பி. என்ற புதிய வரிசை. பூமியிலிருந்து சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நின்று, பத்து வினாடிக்கு ஒரு சுற்றாகத் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு, கீழே எங்கே நெருப்பு எழுகிறது என்று அகச்சிவப்புக் கண்ணால் பார்க்கும். உடம்பு டி.ஆர்.டபிள்யூ. கம்பெனி, கண் ஏரோஜெட் கம்பெனி. முதல் செயற்கைக்கோளே சரியான சுற்றுப்பாதைக்குப் போய்ச் சேரவில்லை. இருந்தாலும் 2007 வரை மொத்தம் 23 அனுப்பினார்கள். அவற்றில் பல, செய்தவர்களே எழுதிக்கொடுத்த ஆயுளைத் தாண்டி உழைத்தன. இதைப் பாராட்டத்தான் வேண்டும். 1975-இல் சோவியத் பக்கமிருந்து பயங்கர வெளிச்சம் வந்து கண்ணைக் கூசவைத்தபோது, ரஷ்யர்கள் லேசர் வைத்துக் குருடாக்குகிறார்கள் என்று வாஷிங்டனில் புரளி கிளம்பியது. கடைசியில் அது எரிவாயுக் குழாயில் பிடித்த தீ என்றார்கள். நெருப்பைப் பார்க்க அனுப்பிய கண் நெருப்பைத்தான் பார்த்தது. அதைக் குறை சொல்லக் கூடாது.

இங்கேதான் காண்ட்ராக்ட்டர் நிரந்தரமாக உள்ளே வந்து பாயை விரிக்கிறார். வானத்தில் இருப்பது ஒரு கண். அது பார்த்ததைக் கீழே வாங்க ஆஸ்திரேலியாவில் நரங்கர், கொலராடோவில் பக்லி என்று தரை நிலையங்கள் வேண்டும். அங்கே கணினி வேண்டும், மென்பொருள் வேண்டும், இருபத்து நாலு மணி நேரமும் ஆள் வேண்டும், தயாரிப்பு நின்றுபோன உதிரி பாகத்தைத் தேடிப் பிடித்து வர வேண்டும், புதிதாக வருகிற சிப்பாய்க்கு எந்தப் பொத்தான் எதற்கு என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். சிப்பாய் சீருடையில் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். இரண்டு மூன்று வருஷத்தில் வேறு ஊருக்கு மாற்றல். பக்கத்தில் சாதாரணச் சட்டையில் நிற்கிற கம்பெனி ஆளுக்கு மாற்றல் கிடையாது. எந்தப் பெட்டியை எந்தப் பக்கம் தட்டினால் வேலை செய்யும் என்பது அவருக்குத்தான் தெரியும். சட்டப்படி அவர் ‘உதவி’. நடைமுறையில் யாருக்கு யார் உதவி என்று கேட்டால் இரண்டு பேரும் சிரிப்பார்கள். பொதுவாகவே ஆயுதத் தளவாடங்களுக்கு வாழ்நாள் முழுக்க ஆகும் செலவில் ஏறக்குறைய 70 சதவீதம் ஓட்டுவதற்கும் பராமரிப்பதற்குமே போகிறது என்று அமெரிக்காவின் சொந்தத் தணிக்கை அலுவலகமே எழுதுகிறது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற நம்மூர்க் கணக்கு அவர்களுக்கு ஐந்தே சதவீதப் பிசகில் பொருந்துகிறது.

குமரப்பா 1945-இல் நிலைத்த பொருளாதாரத்தைப் பற்றிப் புத்தகம் எழுதினார். எதை எடுத்தாலும் அது தீர்ந்துபோகாமல், தானே தன்னைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும் என்பது அதில் அவர் கட்சி. பராமரிப்பு ஒப்பந்தம் அந்த விதிக்கு அப்படியே கட்டுப்பட்டது. தீராது, வருஷா வருஷம் தானே தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்.

அடுத்த கோப்பு 1979 நவம்பர் 9. ஒரு விவரிப்பின்படி, விடியற்காலை மூன்று மணிக்கு அமெரிக்க ஜனாதிபதியின் பாதுகாப்பு ஆலோசகர் பிரெசின்ஸ்கியை எழுப்பி, 250 ஏவுகணை வருகிறது என்றார்கள். மறுபடி கூப்பிட்டு, இல்லை 2,200 என்றார்கள். அவர் மனைவியை எழுப்பவில்லை. எப்படியும் அரை மணியில் எல்லாரும் போய்விடுவோம், தூங்கட்டும் என்று நினைத்தாராம். வானத்துக் கண்ணோ எதையும் பார்க்கவில்லை. பயிற்சிக்காகச் செய்து வைத்திருந்த போர்க்காட்சியை யாரோ நிஜக் கணினியில் ஓடவிட்டிருக்கிறார்கள். ஏழு மாசம் கழித்து, 1980 ஜூன் 3 அன்று, மறுபடியும் திரையில் பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் 2 வந்தது, அப்புறம் 200 வந்தது. இந்தத் தடவை குற்றவாளி ஒரு சில்லு. விலை 46 சென்ட். அத்தனை கோடி கோடியாகக் கொட்டிய காவலில், விலை ஒழுங்காக எழுதியிருந்த ஒரே சாமான் அதுதான். தணிக்கையில் அதை மட்டும் பாஸ் செய்யலாம்.

ரஷ்யர்களும் சளைத்தவர்கள் இல்லை. அவர்களுடைய ‘ஓகோ’ செயற்கைக்கோள் 1983 செப்டம்பர் 26 நள்ளிரவு தாண்டி, அமெரிக்கா ஒரு ஏவுகணை விட்டதாகச் சொன்னது; பிறகு ஐந்து என்றது. திரைக்கு முன்னால் இருந்தவர் லெப்டினன்ட் கர்னல் ஸ்தனிஸ்லாவ் பெத்ரோவ். படிப்பால் பொறியாளர், வழக்கமாக அந்த நாற்காலியில் உட்காருகிறவர் இல்லை. உலகத்தை அழிக்கக் கிளம்புகிறவன் ஐந்தே ஐந்து ஏவுகணையோடு கிளம்புவானா என்று யோசித்தார். பொய் எச்சரிக்கை என்று மேலே சொல்லிவிட்டார். உயரத்து மேகத்தில் பட்ட வெயிலைத்தான் அந்தக் கண் ஏவுகணை என்று நினைத்திருக்கிறது. உலகம் பிழைத்தது. பரிசு? பணிப் பதிவேட்டை அந்த நேரத்தில் ஏன் எழுதவில்லை என்று கண்டித்தார்கள். ஒரு கையில் டெலிபோன், இன்னொரு கையில் இண்டர்காம், எனக்கு மூன்றாவது கை இல்லை என்றார் அவர்.

இதில் குமரப்பா எந்தப் பக்கம் நிற்பார் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. பதிவேடு எழுதாதது தப்புதான் என்று குறிப்பு எழுதிவிட்டு, அப்புறம் அந்த மனிதரைக் கட்டிக்கொண்டிருப்பார்.

இனி மகா கோப்பு. டி.எஸ்.பி.க்கு வயதாகிவிட்டது என்று 1996-இல் லாக்ஹீட் மார்ட்டினுக்குப் புது வேலை கொடுத்தார்கள். பெயர் எஸ்.பி.ஐ.ஆர்.எஸ். முதல் பெரிய செயற்கைக்கோள் 2002-இல் போகும் என்றார்கள். போனது 2011 மே 7-இல். சுமார் 400 கோடி டாலரில் பேச ஆரம்பித்தது 1,700 கோடியைத் தாண்டியது. இந்த ஒப்பந்தத்தின் சூட்சுமம், ஆன செலவைக் கொடுத்துவிட்டு மேலே ‘நன்றாக வேலை செய்ததற்கு’ ஊக்கத்தொகையும் கொடுப்பது. 2005-இல் அமெரிக்கத் தணிக்கை அலுவலகம் அதையும் எடுத்துப் பார்த்தது. வேலை வருஷக்கணக்கில் பின்தங்கி, செலவு தலைக்கு மேலே போயிருந்த நிலையிலும், ஊக்கத்தொகையில் 74 சதவீதம் பட்டுவாடா ஆகியிருந்தது: சுமார் 16 கோடி டாலர். மேலே போன பிறகும் கதை முடியவில்லை. ஒரே இடத்தை இமைக்காமல் பார்க்கும் புதுக் கண்ணை ஏற்றிவிட்டார்கள். அது பார்ப்பதை முழுசாகப் புரிந்துகொள்ளும் தரை மென்பொருள் வர மேலும் பல வருஷம் ஆனது.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். 2020 ஜனவரி 8 அன்று ஈராக்கில் அல் அசாத் தளத்தின் மேல் ஈரான் ஏவுகணைகளை வீசியபோது, பக்லியிலிருந்து எச்சரிக்கை போய்ச் சேர்ந்தது. ஆட்கள் பதுங்கினார்கள். நூற்றுக்கு மேற்பட்டோருக்கு மூளை அதிர்ச்சிக் காயம். உயிர் ஒன்றும் போகவில்லை. காவல் வேலை செய்கிறது. நான் கேட்பது கூலிக் கணக்கை மட்டும்.

காவல்கூலி எங்கள் மதுரைச் சீமைக்குப் புதிதில்லை. வெள்ளைக்காரன் போலீஸ் வைப்பதற்கு முன்னால் இங்கே ஊர்க்காவல் ஒப்பந்த வேலைதான். ஊர் கூலி கொடுக்கும். மாடோ தானியமோ களவு போனால் காவல்காரர் மீட்டுத் தர வேண்டும், முடியாவிட்டால் ஈடு கட்ட வேண்டும். அதிலும் வம்பு இல்லாமல் இல்லை. துப்புச் சொல்வதற்குத் தனியாகத் துப்புக்கூலி என்று வாங்கியதையும், 1890களில் காவலுக்கு எதிராக ஊர்கள் கிளம்பியதையும் வெள்ளைக்காரன் கெசட்டியரில் குற்றப்பத்திரிகை மாதிரி எழுதி வைத்திருக்கிறான். ஆனாலும் அடிப்படை நிபந்தனையைப் பாருங்கள். போனதற்குக் காவல்காரர் பொறுப்பு. மாடு போன பிறகு ‘தேடும் செலவு கூடிவிட்டது, ஊக்கத்தொகையோடு கொடுங்கள்’ என்று எந்தக் காவல்காரரும் ஊர்ச்சாவடியில் வந்து நின்றிருக்க முடியாது.

ஏன் வேறு ஆளை வைத்துக்கொள்ளவில்லை? முடியாது என்பதுதான் விஷயம். செய்தவரிடமே வரைபடம், செய்தவரிடமே மென்பொருளின் உள்விவரம் என்று ஆன பிறகு, வாங்கியவர் சொந்த வீட்டிலேயே வாடகைக்கு இருக்கிறார். தரை நிலையத்தையாவது மற்ற கம்பெனிகளுக்கும் திறந்துவிடலாம் என்று அமெரிக்கர்கள் ‘ஃபோர்ஜ்’ என்று தனித் திட்டமே போட வேண்டியதாயிற்று. நமக்கும் ஒரு சூடு உண்டு. 1982 ஏப்ரலில் போன இன்சாட்-1ஏ, ஃபோர்டு ஏரோஸ்பேஸ் செய்து கொடுத்தது. செப்டம்பரில் எரிபொருள் தீர்ந்து கைவிடப்பட்டது. அதன் பிறகு நாமே செய்யக் கற்று, 1992 ஜூலையில் இன்சாட்-2ஏவை அனுப்பி, ஹாசனில் உட்கார்ந்து நாமே பார்த்துக்கொண்டோம். செக்கெண்ணெய்க்காரர் இதற்கு மட்டும் கைதட்டியிருப்பார்.

எஸ்.பி.ஐ.ஆர்.எஸ். வரிசையின் ஆறாவதும் கடைசியுமானது 2022 ஆகஸ்டில் போனது. அதற்கு அடுத்த தலைமுறைக்கு 2018-லேயே 290 கோடி டாலரும், 2021-இல் இன்னொரு 490 கோடி டாலரும் ஒதுக்கி ஒப்பந்தம் போட்டாயிற்று. 2018-இல் போட்டி டெண்டர் கிடையாது. வாங்கியது லாக்ஹீட் மார்ட்டின்.

அமெரிக்க வரிப்பணத்துக்கு அமெரிக்கர்கள் அழுதுகொள்ளட்டும். நீங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கணினியோ, பேரூராட்சிக்குத் தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரமோ வாங்கி ஏ.எம்.சி. என்ற வருஷப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப்போகிறவராக இருந்தால், இதன் வரைபடமும் பாஸ்வேர்டும் யார் கையில் இருக்கும் என்று கம்பெனிக்காரரிடம் முதலில் கேளுங்கள். அவர் சிரித்தால், பேனாவை மூடி வைத்துவிடுங்கள்.